சத்துவாச்சாரி மாடியில ஆர்ட் தெரபி: எட்டு சனிக்கிழமை போய்ட்டு வந்து எழுதறது

வரைய தெரியுமான்னு கேட்டா தெரியாதுன்னு தலையாட்டற ஆளுங்களுக்காகத்தான் இத எழுதறேன். நானும் அதே பதில சொல்லிட்டுதான் நாலு மாசம் இந்தப் படி ஏறாம இருந்தேன், இப்ப எட்டு வாரம் முடிச்சிட்டு நினைச்சா அந்த நாலு மாசம் வீணா போச்சேன்னு இருக்கு. இது டிராயிங் கிளாஸ் இல்லங்க, படம், மண்ணு எல்லாம் வெச்சு மனசுக்கு பண்ற வைத்தியம். மூக்கு எப்படி போடணும், மரத்துக்கு நிழல் எந்தப் பக்கம் விழணும்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. வரைய வராதவங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்ல, சொல்லப்போனா எங்க பேட்ச்ல நல்லா வரையறவங்கதான் முதல் ரெண்டு வாரம் திணறினாங்க, அழகா வரணுமேன்னு பாத்து பாத்து போட்டுட்டு கடைசில பேப்பர கசக்கி வெச்சிட்டு உக்காந்திருந்தாங்க.

நான் யாருன்னு கொஞ்சம் சொன்னாத்தான் மீதி புரியும். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல 19 வருஷம் வேலை பாத்தவன். தோல பலகை மேல விரிச்சு, டைய, அதாவது வெட்டற அச்ச, அது மேல வெச்சு, மெஷின் ஆர்ம இழுத்து பட்டன அமுக்கினா டப்புன்னு ஒரு சத்தம், ஒரு பீஸ். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன சேத்து அமுக்கினாத்தான் ஆர்ம் எறங்கணும், அதுதான் அந்த மெஷினுக்கு இருக்கற ஒரே காவல். பீஸ் கணக்கு ஏறணும்னு ஒரு பட்டன டேப் சுத்தி அமுக்கியே வெச்சிருந்தாங்க, நாங்களும் அப்படியே பழகிட்டோம். போன ஆடி மாசம், ஷிப்ட் முடிய பத்து நிமிஷம் இருக்கறப்ப என் இடது கை உள்ள இருக்கும்போதே ஆர்ம் எறங்கிடுச்சு. நடுவிரல், மோதிர விரல் ரெண்டுலயும் நுனிக்கணு போச்சு.

கைய நல்லாவே பாத்தாங்க. தையல் ஆறினதும் தெரபி, அரிசிக்குள்ள கைய விட்டு அளையறது, அப்பறம் பஞ்சு, மணல், பிரஷ்னு ஒவ்வொண்ணா தொட வெச்சு வெட்டுப்பட்ட நுனியில இருக்கற கூச்சத்த கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கறது, மூணு மாசத்துல விரல் மடங்க ஆரம்பிச்சிடுச்சு. ஆனா எனக்குள்ள ஏதோ ஒண்ணு மடங்கவே இல்ல. பக்கத்து வீட்ல கேட்ட இழுத்து சாத்தினா எனக்கு தோள் தூக்கிப் போடும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அதோட சரி. கல்யாண வீட்ல மொய் எழுதறப்ப கூட இடது கை பேன்ட் பாக்கெட்லயேதான் இருக்கும். வீட்ல என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுவேன், மறைக்கணும்னு இல்ல, சொல்ல நெஜமாவே ஒரு வார்த்த கூட வரல. மனநல டாக்டர பாத்தேன், மாத்திரை குடுத்தாங்க, தூக்கம் ஓரளவு திரும்பி வந்துச்சு, மனசு விட்டு பேசுங்கன்னு சொன்னாங்க, அந்த பேச்சுதான் வரல.

எங்க செக்‌ஷன்ல முன்னாடி வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து பாத்துட்டு, "இன்னா நைனா, கைக்கு வைத்தியம் பாத்துகினே சரி, கைய வெச்சிகினு கீற ஆளுக்கு இன்னும் பாக்கலியே"ன்னார். அவர் மருமகதான் இந்த இடத்த சொன்னாங்க.

இடம் வேலூர் சத்துவாச்சாரில, ஹைவேஸ்ல இருந்து உள்ள நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடி. நீளமா ஒரு ஹால், சிவப்பு சிமென்ட் தரை, நடுவுல ரெண்டு பெரிய மேஜை, ஓரமா பாய், ஜன்னல தொறந்தா மலை தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் நாலரைல இருந்து ஆறரை, ஒரு பேட்ச்ல எட்டு பேருக்கு மேல சேத்துக்கறதில்ல. புதன்கிழமை காலைல பெண்களுக்கு தனி பேட்ச் இருக்கு. குரூப்ல ஒரு தடவைக்கு 350 ரூபா, எட்டுக்கும் சேத்து கட்டினா 2400, தனியா உக்காந்து பண்ணணும்னா 900. பேப்பர், கலர், மண்ணு எல்லாம் இதுலயே அடக்கம்.

சேர்றதுக்கு முன்னாடி இத நடத்தற மேடம் தனியா முக்கால் மணி நேரம் பேசினாங்க. என்ன மாத்திரை சாப்பிடறேன், எந்த டாக்டர், ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம், சாகலாம்னு எப்பவாவது தோணியிருக்கான்னு நேராவே கேட்டாங்க. அப்படி யாரும் அதுவரைக்கும் கேட்டதில்ல, கேட்டது எனக்கு பாரம் எறங்கின மாதிரிதான் இருந்துச்சு. மாத்திரைய நிறுத்தக் கூடாது, இது அதுக்கு பதில் இல்ல, கூட சேந்துதான்னு ரெண்டு தடவ சொன்னாங்க. அவங்க கிளினிக்கல் சைக்காலஜி படிச்சு ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு பண்ணவங்க, அதுக்கு மேல ஆர்ட் தெரபில தனியா பயிற்சி எடுத்தவங்க, சர்ட்டிபிகேட் சுவத்துலயே இருக்கு. இத ஏன் குறிப்பா சொல்றேன்னா இங்கிலாந்துல எல்லாம் அரசுப் பதிவு இல்லாம ஆர்ட் தெரபிஸ்ட்னு பேர் போட்டுக்கவே சட்டம் விடாது, நம்ம பக்கம் கலரிங் புக்கு நாலு வாங்கி வெச்சிட்டு தெரபின்னு போர்டு மாட்டினாலும் கேக்க ஆளில்ல. அதனால எங்க போனாலும் என்ன படிச்சிருக்கீங்க, எங்க பதிவு பண்ணியிருக்கீங்கன்னு தயங்காம கேளுங்க. ஒழுங்கானவங்க அதுக்கு கோவப்பட மாட்டாங்க.

முதல் வாரம் எல்லாரையும் பழக்கமில்லாத கையால கிறுக்க சொன்னாங்க. வலது கை பழக்கம்னா இடது கை. எதுக்குன்னா பழக்கமில்லாத கையால யாராலயும் அழகா போட முடியாது, அழகா போடணும்ங்கிற பயம் அங்கயே போயிடும். எனக்கு பழக்கமில்லாத கைதான் அடிபட்ட கை. நான் பாக்கெட்ல இருந்து எடுக்கவே இல்ல. மேடம் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துல வந்து "உங்களுக்கு எது சௌகரியமோ அதுல போடுங்க, போடாமயும் உக்காந்திருக்கலாம்"னு மெதுவா சொல்லிட்டு போயிட்டாங்க. ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரெண்டாவது வாரமும் போனேன்.

இங்க ஒரு கட்டுப்பாடு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டுப்பாடு. நம்ம படத்துக்கு யாரும் அர்த்தம் சொல்லக் கூடாது, மேடமும் சொல்ல மாட்டாங்க. கருப்பா போட்டா சோகம், சிவப்பா போட்டா கோவம்னு யாராவது ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திடுவாங்க. படம் போட்டவங்க சொன்னா உண்டு, சொல்லாட்டி இல்ல. நல்லாருக்குன்னு கூட சொல்றதில்ல, ஏன்னா ஒருத்தருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டா மத்தவங்க அந்த நல்லாருக்குக்காக போட ஆரம்பிச்சிடுவாங்களாம். படங்கள எல்லாம் அவங்கவங்க பேர் போட்ட பைல்ல வெச்சு பூட்டிடறாங்க, போன்ல போட்டோ எடுக்கறதுக்கு அனுமதி இல்ல.

மூணாவது வாரம் களிமண்ணு. பானை செய்றவங்ககிட்ட வாங்கி பிசைஞ்சு ஈரத்துணி சுத்தி வெச்சிருந்தாங்க, ஆளுக்கு ஒரு தேங்கா அளவு உருண்டை. ஒத்தக் கையால ஒண்ணும் ஆகாதுன்னு மண்ண தொட்ட உடனே தெரிஞ்சிடுச்சு, அது வழுக்கிட்டு ஓடுது, ஒரு கை அணைச்சு பிடிச்சாத்தான் இன்னொரு கை அமுக்க முடியும். எப்ப எடுத்தேன்னு தெரியல, இடது கை வெளிய வந்துடுச்சு. ஜில்லுனு இருந்துச்சு. அரிசியில விட்டப்ப சுரீர்னு இழுத்த நுனிக்கு மண்ணு ஒண்ணுமே பண்ணல. சும்மா அமுக்கி அமுக்கி எடுத்துட்டே இருந்தேன், உருவம்னு எதுவும் பண்ணல. அப்பறம் கைய எடுத்து பாத்தா மண்ணுல அஞ்சு விரலோட தடம். மூணுல நகம் பதிஞ்ச கோடு இருக்கு, நடுவுல ரெண்டு மட்டும் உருண்டையா குழி, நகத்தடம் இல்ல. அந்த ரெண்டு குழியையும் நான் எவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தேனோ தெரியாது. மேடம் வந்து நின்னு பாத்துட்டு, "இந்த ரெண்டும் மத்ததவிட ஆழமா இருக்கே"ன்னாங்க, அவ்ளோதான். "அதுங்கதான் அதிகமா அமுக்குது"ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள தொண்டை அடைச்சிடுச்சு, எழுந்து போய் படிக்கட்டுல நின்னுட்டேன்.

அன்னிக்கு ராத்திரிதான் என் வீட்டுக்காரிகிட்ட அந்த பத்து நிமிஷத்த முழுசா சொன்னேன். டேப் ஒட்டின பட்டன், மேல விசிறி சத்தம், பக்கத்துல இருந்த பையன் போட்ட கூச்சல், எல்லாம். ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு பதினொன்ற வரைக்கும் பேசினேன், அவ என் கைய எடுத்து மடியில வெச்சிட்டு கேட்டுட்டே இருந்தா.

என் பொண்ணு நர்சிங் படிக்கறா. அவதான் இது என்ன ஏதுன்னு தேடிப் படிச்சு எனக்கு சொன்னா. ஆர்ட் தெரபிங்கற பேர 1942ல முதல்ல வெச்சது அட்ரியன் ஹில்னு ஒரு இங்கிலீஷ்கார ஓவியராம், அவருக்கே டிபி வந்து சானடோரியத்துல படுத்த படுக்கையா கெடந்தப்ப படம் போட்டுதான் தேறினாராம், அப்பறம் மத்த நோயாளிகளையும் வரைய வெச்சிருக்காரு. அமெரிக்காவுல டிரெக்சல் யுனிவர்சிட்டில கிரிஜா கைமல்னு ஒரு பேராசிரியர் 2016ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டிருக்காங்க, 18ல இருந்து 59 வயசு வரைக்கும் 39 பெரியவங்கள 45 நிமிஷம் மார்க்கர் பேனா, களிமண்ணு, கொலாஜ் (துண்டு துண்டா வெட்டி ஒட்டி படம் பண்றது) இதுல எது வேணுமோ எடுத்து இஷ்டத்துக்கு பண்ணுங்கன்னு விட்டு, முன்னாடியும் பின்னாடியும் எச்சில் எடுத்து கார்ட்டிசால் பாத்திருக்காங்க, அதான் டென்ஷன் ஆனா ஒடம்புல ஏறுமே அந்த ஹார்மோன். முக்கால்வாசி பேருக்கு கொறஞ்சிருக்கு. முன்னாடி படம் போட்டு பழக்கம் இருக்கறவங்க, சுத்தமா இல்லாதவங்கன்னு வித்தியாசம் பெருசா இல்லங்கறதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. 39 பேருங்கறது சின்ன கணக்குதான், ஒத்துக்கறேன், ஆனா எங்க மேஜை மேல இருக்கறதும் அதே மூணு பொருள்தான், எனக்கு நடந்ததும் அதுதான். உலக சுகாதார நிறுவனமே 2019ல 3000க்கு மேல ஆராய்ச்சிகள தொகுத்து, உடம்பு மனசு ரெண்டுக்கும் கலை உதவுதுன்னு ஒரு அறிக்கை போட்டிருக்கு.

எல்லாத்துக்கும் இது மருந்துன்னு மட்டும் நினைச்சிட்டு வந்துடாதீங்க. ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனச்சிதைவு நோய் இருக்கற 417 பேர வெச்சு இங்கிலாந்துல பண்ண பெரிய ஆராய்ச்சி 2012ல வந்துச்சு, வழக்கமான சிகிச்சையோட குரூப் ஆர்ட் தெரபியும் சேத்து குடுத்தும் கூடுதலா பலன் தெரியலன்னுதான் அதுல முடிவு. மேடமும் இத மறைக்கறதில்ல. ஒருத்தர் அவர் தம்பிய கூட்டிட்டு வந்தப்ப, இவருக்கு முதல்ல பாகாயத்துல இருக்கற சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையத்துக்கு போய் முழுசா பாருங்க, அங்க வீட்டு ஆளும் கூடவே தங்கி இருக்கலாம், டாக்டர் சரின்னு சொன்னப்பறம் இங்க வாங்கன்னு காசு வாங்காம அனுப்பி வெச்சாங்க. எனக்கு அவங்க மேல நம்பிக்கை வந்ததே அப்பதான்.

வேலூர்ல இருந்துட்டு கை சம்பந்தமா பேசறப்ப டாக்டர் பால் பிராண்ட நினைக்காம இருக்க முடியல. 1946ல சிஎம்சிக்கு வந்தவர், தொழுநோயால மடங்கிப் போன விரல்கள ஆபரேஷன் பண்ணி நிமித்தினவர். விரல் நிமிந்தும் அவங்க பொழப்பு நிமிரலங்கறத பாத்துட்டு, காலேஜ் வளாகத்துலயே அவங்க தங்கி மரவேலை, பொம்மை செய்யறதுன்னு கைத்தொழில் கத்துக்க எடம் பண்ணிக் குடுத்தாரு. 1954ல விபத்துல இடுப்புக்கு கீழ செயலிழந்து, வீல்சேர்ல உக்காந்துட்டே அந்தக் கைகளுக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் மேரி வர்கீஸும் வேலை பாத்தது இதே ஊர்லதான். அதெல்லாம் ஆர்ட் தெரபி இல்லதான், ஆனா எங்க பெரியவர் சொன்ன அந்த ஆளுக்கு வைத்தியம்ங்கறது இந்த ஊருக்கு புதுசு இல்ல.

எங்க பேட்ச்ல 68 வயசு அம்மா ஒருத்தங்க, எழுதிக்கோப்பான்னு அவங்களே சொன்னதால எழுதறேன். "எனக்கு இன்னா தெரியும், கோலம்தான் தெரியும்"னு ஒரு ஓரமா உக்காந்திருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் போய் பதினோரு மாசம், சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பற வரைக்கும் வாசல்ல கோலம் போடக் கூடாதுன்னு சொந்தக்காரங்க சொல்லிட்டாங்க. அம்பது வருஷமா தெனம் காலைல குனிஞ்சு புள்ளி வெச்ச கை அது. மேடம் பெருசா ஒரு கருப்பு சார்ட்டும் வெள்ளை சாக்பீஸும் குடுத்தாங்க. கொஞ்ச நேரம் தடவிப் பாத்துட்டு 15 புள்ளி வெச்சு, இடுக்குப் புள்ளியா 8 வரைக்கும் எறக்கி, இழுக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, ஸ்கேல் இல்ல, அழிக்கறது இல்ல, ஒரு எடத்துல கூட கை நிக்கல. நாங்க எங்க வேலைய விட்டுட்டு பாத்துட்டு இருந்தோம். முடிச்சிட்டு, "இது அவருக்கு பிடிச்ச கோலம்"னு மட்டும் சொன்னாங்க. அடுத்த வாரம் வரும்போது எங்க எல்லாருக்கும் கொழுக்கட்டை செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க.

ஆறாவது வாரம் கொலாஜ். வீட்ல இருந்து எதாவது பொருள் எடுத்துட்டு வரலாம்னாங்க. பழைய கூட்டாளி ஒருத்தனுக்கு போன் போட்டு கட்டிங் வேஸ்ட் தோல் ஒரு கவர் நிறைய வாங்கினேன், ஒம்பது மாசத்துல முதல் தடவையா தோல் வாசன மூக்குல ஏறுச்சு, கவர மூடி வெச்சிட்டு ரெண்டு நாள் தொடல. கட்டிங் வேலையில மெயினான விஷயம் கண்ணுதான். மாடு வேலியில கீறிக்கிட்ட கோடு, உண்ணி கடிச்ச புள்ளி, சூடு போட்ட தழும்பு, நரம்பு ஓடின தடம், இது எல்லாத்தையும் ஒதுக்கிட்டு சுத்தமான எடமா பாத்து டைய வெக்கணும், தழும்பு இருக்கற துண்டு அப்படியே வேஸ்ட் பெட்டிக்கு போயிடும். 19 வருஷம் அதுதான் என் வேலை. அன்னிக்கு கத்திரிக்கோல எடுத்து, தழும்பு சரியா நடுவுல வர்ற மாதிரி ஒவ்வொரு துண்டா வெட்டி சார்ட்ல ஒட்டினேன். பதினேழு துண்டு. இடது கைதான் தோல பிடிச்சிட்டு இருந்துச்சு. ஏன் அப்படி ஒட்டினீங்கன்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல, பைல்ல வெக்கறப்ப மட்டும் துண்டு உதிராம இருக்கட்டும்னு மேல ஒரு டிரேசிங் பேப்பர் வெச்சு மூடினாங்க.

குறைகளும் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். மேல அஸ்பெஸ்டாஸ் கூரை, பங்குனி சித்திரையில நம்ம ஊர் வெயிலுக்கு நாலரை மணிக்கும் ஹால் அனலா கொதிக்குது, பேன் போட்டா பேப்பர் பறக்குது, நிறுத்தினா வேர்வை சொட்டி கலர் கலையுது. நேரத்த அஞ்சரைக்கு மாத்துங்கன்னு எல்லாரும் கேட்டிருக்கோம். படிக்கட்டுல ஒரு பக்கம் கைப்பிடியே இல்ல, அந்த 68 வயசு அம்மாவ ஒவ்வொரு தடவையும் யாராவது கையப் பிடிச்சு எறக்க வேண்டியிருக்கு, மனசு சரியில்லாம வர்றவங்க, வயசானவங்க வர்ற எடத்துல இத முதல்ல சரி பண்ணணும். கை கழுவ ஒரே ஒரு குழாய், மண்ணு வாரத்துல எட்டு பேரும் வரிசையில நிக்கணும். பைக் தெருவுல விட எடம் உண்டு, கார்னா கஷ்டம். அப்பறம் 2400ங்கறது என்ன மாதிரி வேலை இல்லாம இருக்கற ஆளுக்கு பெரிய காசு. ரெண்டு தவணையா வாங்கிக்கிட்டாங்கதான், ஆனா கம்பெனி ஆளுங்க எத்தனையோ பேர் விரல் போய், கை போய் வீட்ல உக்காந்திருக்காங்க, அவங்களுக்குன்னு மாசத்துல ஒரு நாள் கம்மி கட்டணத்துல வெச்சா புண்ணியமா போகும். மேடம்கிட்டயும் கேட்டிருக்கேன், பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க.

எனக்கு எவ்வளவு சரியாச்சுன்னா, கேட்டு சத்தத்துக்கு இன்னமும் திடுக்குன்னுதான் இருக்கு, ஆனா உடனே எறங்கிடுது. தூக்கம் அஞ்சு மணி நேரம் தொடர்ச்சியா வருது, டாக்டர் ஒரு மாத்திரைய பாதியாக்கிட்டாங்க. போன வாரம் பஸ்ல டிக்கெட் வாங்கறப்ப இடது கையால காச நீட்டியிருக்கேன், எறங்கினப்பறம்தான் கவனிச்சேன். மெஷின் பக்கம் திரும்ப போவேனான்னு தெரியல, அத இப்ப யோசிக்கவும் இல்ல. அடுத்த எட்டு வாரத்துக்கும் பேர் குடுத்திருக்கேன்.

ரொம்ப மோசமான நெலமையில, உயிர விட்டுடலாம்னு தோணற அளவுக்கு இருக்கறவங்க சனிக்கிழமைக்காக காத்திருக்காதீங்க, 14416க்கு போன் பண்ணுங்க, அது அரசோட டெலி மானஸ் லைன், காசு கெடையாது, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்ல பேசலாம்.

மத்தவங்க ஒரு தடவைக்கு மட்டும் 350 கட்டி உக்காந்து பாருங்க, பிடிக்கலன்னா எட்டுக்கும் கட்ட வேணாம். பழைய சட்டை போட்டுட்டு போங்க, தண்ணி பாட்டிலும் துண்டும் கட்டாயம். மண்ணு வாரம் வர்றவங்க மோதிரத்த வீட்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க, நகத்த மட்டும் வெட்டிட்டு வராதீங்க, மண்ணுல அந்த கோடு விழறத பாக்கணும்.